அம்புக்குறியும் ஒன்பதாவது சீட்டும்

வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்து போகிற மனிதர் இந்த மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் அம்புக்குறி. நம்மில் பாதிப் பேர் அந்தச் சொல்லைக் கேட்டால் போனை அணைத்துவிட்டுப் பின்கதவால் வெளியேறுவோம். மீதிப் பேர் அதை வசூலிக்கப் பின்கதவில் காத்து நிற்பார்கள். அம்புக்குறி இரண்டு கட்சியிலும் சேர்த்தியில்லை. அவர் யாருக்கும் கடன் கொடுத்ததில்லை, யாரிடமும் வாங்கியதும் இல்லை. சிலர் கிரிக்கெட் மட்டையைத் தொடாமலே கிரிக்கெட்டுக்கு உயிரை விடுவார்கள் அல்லவா? இவர் வட்டியிடம் அப்படி இருந்தார்.

நான் வேலை செய்த காப்புறுதிக் கம்பனியின் மாத்தளைக் கிளையில் அவர் வாகன இழப்பு மதிப்பீட்டாளர். எங்கேயாவது வேன் கவிழ்ந்தால், திரீவீலர் மதகில் ஏறினால், அவர்தான் தன் பழைய மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுத வேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எந்நேரமும் நான்கு பேனா. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நிதிக் கணிதத்தில் எந்தக் கணக்கையும் ஒரு கோடு போட்டுத்தான் தொடங்க வேண்டும். கோடு என்றால் காலம். கைக்கு வருகிற பணத்துக்குக் கோட்டின் மேலே ஓர் அம்புக்குறி, கையை விட்டுப் போகிற பணத்துக்குக் கீழே ஓர் அம்புக்குறி. இதைப் படித்த எல்லோரும் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. பஸ் டிக்கட்டின் முதுகில், ரொட்டி சுற்றி வந்த பேப்பரில், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டில், எதுவும் கிடைக்காவிட்டால் தன் இடது உள்ளங்கையில் கோடு போட்டு அம்பு விடுவார். அவர் கை கழுவும்போது பேசினில் மாதத் தவணைகள் கரைந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பலாபத்வலையில் ஒரு வேன் மதகில் முட்டி நின்றது. அம்புக்குறி போனார். வேன்காரர் பாவம், "மாத்தயா, இப்பவே குறைஞ்ச காச வாங்கிக்கவா, இல்ல முழுசா கிடைக்கிற வரைக்கும் இருக்கவா?" என்று கேட்டிருக்கிறார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி. அம்புக்குறி வேனின் முன்மூடியில் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு நீளக் கோடு இழுத்து, மேலே ஓர் அம்பும் கீழே ஐந்து அம்புகளும் போட்டு, அரை மணி நேரம் விளக்கினார். வேன்காரர் அதுதான் விபத்தின் உத்தியோகபூர்வ வரைபடம் என்று நினைத்துக்கொண்டார். படம் எடுத்து விண்ணப்பத்தோடு தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பியும்விட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. 'படத்தின்படி வாகனம் மேலிருந்து கீழாக ஐந்து தடவை மோதியிருக்கிறது. எந்தப் பாலத்திலிருந்து விழுந்தது என்பதைத் தெளிவுபடுத்தவும்.'

மனேஜர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்புக்குறி அமைதியாகப் பார்த்துவிட்டு, "அது மோதினது இல்ல சேர், அது அவரு லீசிங்குக்கு கட்ட வேண்டிய அஞ்சு தவணை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அவரக் கேட்டீங்கன்னா அதுவும் மோதல்தான்னு சொல்லுவாரு" என்றார். மனேஜர் சிரிக்கவில்லை.

கல்யாண வீட்டுக் கதை இதைவிட மோசம். அம்புக்குறியின் கல்யாணத்துக்கு எங்கள் கிளைக் கந்தோருக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முதலாளி கடித உறையில் இரண்டாயிரம் ரூபாய் வைத்துக் கொடுத்திருந்தார். எட்டு வருடம் கழித்து முதலாளியின் மகனுக்குக் கல்யாணம். நாம் என்றால் ஐயாயிரமோ மூவாயிரமோ, கையில் இருக்கிறதை வைத்து உறையை ஒட்டிவிடுவோம். அம்புக்குறி வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுவட்டி போட்டு, நாலாயிரத்து இருநூற்று எண்பத்தேழு ரூபாயை உறையில் வைத்தார். தாளும் சில்லறையுமாக உறை வீங்கியிருந்தது. மணமகன் அதை வாங்கியபோது ஜல் ஜல் என்று சத்தம் கேட்டது, வீடியோகாரர் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் அம்புக்குறியின் முகம் வாடியிருந்தது. "என்ன அம்பு, பிரியாணி சரியில்லையா?" என்றேன்.

"பதினெட்டுச் சதம் குறையுதுங்கண்ணே. இப்ப சதக் காசு எங்கயும் கெடைக்கிறது இல்ல" என்றார். அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கத்தரிக்காயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மேதைக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கவில்லை. எங்கள் துறையில் பதவி உயர்வுக்குச் சில பேப்பர்கள் பாஸ் பண்ண வேண்டும். நிதிக் கணிதப் பேப்பரை அம்புக்குறி முதல் தடவையிலேயே ஊதித் தள்ளிவிட்டார். சட்டப் பேப்பரில் ஐந்து தடவை விழுந்தார். ஒப்பந்தம் எந்தச் சந்தர்ப்பங்களில் முறிவடையும், விளக்குக என்று கேட்டால் அவர் ஒரு கோடு போட்டு, நடுவில் ஒரு பெருக்கல் குறி இட்டு, 'இங்கே' என்று எழுதிவிட்டு வருவார்.

என் கதை தலைகீழ். சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். நிதிக் கணிதத்தில் இரண்டு தடவை விழுந்தவன் நான். அதுவரை அது ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. பதினேழு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து காப்புறுதிப் பத்திரம் எழுதியவனை யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று இருந்தேன். அப்போதுதான் புதிய சுற்றறிக்கை வந்தது. வருட முடிவுக்குள் அந்தப் பேப்பரைப் பாஸ் பண்ணாதவர்கள் மாதச் சம்பளத்திலிருந்து விலக்கப்பட்டு, வீடு வீடாகப் போய்க் காப்புறுதி விற்கும் முகவர்களாக்கப்படுவார்கள். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என்னிடமிருந்து நானே ஒரு பத்திரம் வாங்க மாட்டேன்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் மத்தியானம் அம்புக்குறி தன் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் அழைக்கவில்லை. "அண்ணே, நீங்க எங்க விழுறீங்கன்னு பாக்கணும்" என்றார். விழுந்த வேனைப் பார்க்கப் போகிற அதே குரல்.

மூன்று வருடத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று புள்ளி வைத்தேன்.

"இங்கதான் விழுறீங்க. நாலு புள்ளி வரணும்."

"மூணு வருசத்துக்கு எதுக்குய்யா நாலு புள்ளி?"

"இன்னைக்கு ஒரு புள்ளி. அது சைபர்."

"இன்னைக்குத்தானே முதல் நாள்? ஒண்ணுதானே வரணும்?"

அம்புக்குறி சோற்றுக் கையை உயர்த்தினார். "உங்க மக பொறந்த அன்னைக்கு ஒரு வயசுன்னா சொன்னீங்க? பொறந்த அன்னைக்கு சைபர். ஒரு வருசம் கழிச்சிதான் கேக் வெட்டுனீங்க. காசும் அப்படித்தான். இன்னைக்கு எப்பவும் சைபர்ங்கண்ணே."

கேட்கும்போது விளங்கியது. மறுநாள் மறுபடி மூன்று புள்ளிதான் வைத்தேன். அதற்குக் காரணமும் உண்டு. நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சீட்டுப் பிடித்து வளர்ந்தவன். பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிற அந்தச் சீட்டில் முதல் மாதம் என்றால் ஒன்று, கடைசி மாதம் என்றால் பத்து. சைபராவது சீட்டு எடுத்தவர் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை.

அம்புக்குறி விடவில்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் லொறி ஒன்று சரிந்தபோது, எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று பொய் சொல்லி மனேஜரிடம் அனுமதி வாங்கி, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். மேலே போகப் போக மூடுபனி. ஒரு பிளேன்டீக் கடையில் ஒதுங்கினோம். கண்ணாடி அலுமாரியில் ஆவி படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண் பளபளத்தது, நான்கு அடிக் கண்ணாடி முழுவதும் கோடு போட்டுவிட்டார். உள்ளே இருந்த மீன் அடைத்த மாலு பனிஸ் எல்லாம் அம்புகளுக்கு நடுவில் தெரிந்தன.

ஆண்டுத்தொகை என்றால் என்ன என்று அங்கேதான் விளங்கியது. ஒழுங்கான இடைவெளியில் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும் பணம். "அதுலயே தள்ளிப்போட்ட ஆண்டுத்தொகைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அது வில்கமுவ பஸ் மாதிரி. மொதல்ல ரொம்ப நேரத்துக்கு ஒண்ணும் வராது. வர ஆரம்பிச்சா ஒழுங்கா வரும்னு புத்தகம் சொல்லுது."

"முடிவே இல்லாத ஆண்டுத்தொகை?"

அவர் கண்ணாடியின் ஓரம் வரை ஒரு கோடு இழுத்தார். "தோட்டத்து லயன் வீட்டுக் கூரைய மாத்தித் தாறோம்னு வருசா வருசம் சொல்றாங்கல்ல, அது. இதுல கோடு மட்டுந்தான் இருக்கும், அம்பு இருக்காது."

கடைக்காரர் துணியை எடுத்துக்கொண்டு வந்து, "சேர், துடைச்சிரவா, இன்னும் வேலை இருக்கா?" என்று கேட்டார்.

இந்தப் பாடங்கள் நடந்துகொண்டிருந்தபோதுதான் கந்தோரில் புதிய சீட்டு தொடங்கியது. நடத்துகிறவள் எங்கள் கணக்குப் பிரிவு ஃபரீனா. தலைமுறை தலைமுறையாக நகரத்தில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற குடும்பத்துப் பெண், கணக்கில் கெட்டிக்காரி. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் பத்தாயிரம், மாதம் ஒருவருக்கு ஒரு லட்சம். பால்மா டின்னில் பத்துத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த மாதம் என்று எடுப்போம். ஃபரீனா டின்னைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அம்புக்குறி எழுந்து நின்றார்.

"முதல் சீட்டு எடுக்கிறவருக்கும் ஒரு லட்சம், பத்தாவது சீட்டு எடுக்கிறவருக்கும் ஒரு லட்சமா? இது அநியாயம்ங்க. மாசம் நூத்துக்கு ஒண்ணுன்னு வச்சாக்கூட, கடைசி ஆளோட லட்சம் இன்னைக்கு தொண்ணூத்தோராயிரத்து நானூத்தி முப்பத்தி மூணு ரூவா தொண்ணூத்தெட்டு சதந்தான். முன்னுக்கு எடுக்கிறவங்க பின்னுக்கு எடுக்கிறவங்களுக்கு வித்தியாசத்த தரணும்."

ஃபரீனா டின்னை மேசையில் வைத்தாள். "அண்ணே, நான் இந்தச் சீட்ட நடத்துறதே வட்டி இல்லாம நாலு பேருக்கு உதவட்டும்னுதான். இதுக்குள்ள நீங்க வட்டிய கொண்டு வந்தா டின்ன நீங்களே வச்சிக்கிங்க. எங்களுக்கு அது ஹராம்."

"இது வட்டி இல்ல தங்கச்சி. இது சமப்படுத்துறது."

"பேர மாத்தினா ஆள் மாறிருமா? உங்களுக்குக்கூட சம்பளப் பட்டியல்ல வேற பேருதான் இருக்கு. அதுக்காக நீங்க வேற ஆளா?"

கந்தோர் முழுவதும் சிரித்தது. அம்புக்குறி தோற்றவர்போல் உட்கார்ந்தார், ஆனால் தோற்கவில்லை. மறுநாள் சுவரில் பத்து மாதத்துக்கும் அம்பு போட்ட ஒரு பெரிய அட்டை தொங்கியது. அதற்கு மறுநாள் அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஃபரீனா அந்த மாதத் தேநீர்ச் செலவை எழுதித் திருப்பித் தொங்கவிட்டாள். இரண்டு பேரும் ஒரு கிழமை, ஏழு நாளும், பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் சமாதானம் இப்படி வந்தது. சீட்டு பழையபடியே நடக்கும். இரண்டு பேர் தங்களுக்குள் மாதத்தை மாற்றிக்கொள்வது அவர்கள் பாடு. ஆனால் ஃபரீனாவின் கண் முன்னால் ஒரு சதம்கூடக் கைமாறக் கூடாது.

"என்னோட மாத்துறவங்க வித்தியாசத்த தந்துதான் மாத்தணும். இது என்னோட கொள்கை" என்று அம்புக்குறி அறிவித்தார்.

டின்னைக் குலுக்கினார்கள். முதல் சீட்டு அம்புக்குறிக்கு விழுந்தது. மனேஜருக்கு மூன்றாவது. எனக்கு ஒன்பதாவது.

அன்று பின்னேரமே மனேஜர் அம்புக்குறியைத் தன் அறைக்கு அழைத்துத் தோளில் கை போட்டார். அப்படிக் கை போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. முதல் சீட்டைத் தனக்கு மாற்றித் தரும்படி கேட்டார், புதுத் தொலைக்காட்சி வாங்க வேண்டுமாம். அம்புக்குறி பேனாவை எடுத்தார். "ரெண்டு மாச வித்தியாசம் சேர். ஆயிரத்து தொளாயிரத்து எழுவது ரூவா நாப்பது சதம்." தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது. மனேஜர் மூன்றாவது மாதமே தொலைக்காட்சி வாங்கினார்.

அதே கிழமையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது தடவை பரீட்சை எழுதுகிறவர்கள் கண்டியில் வார இறுதி வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும். கட்டணம் தொண்ணூறாயிரம். கம்பனி தராது. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் அந்த வருடப் பரீட்சைக்கு இடமில்லை. அதாவது எனக்குச் சம்பளமும் இல்லை. வீட்டில் என் மனைவியின் தோடு ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. என் லட்சம் எட்டு மாதம் தள்ளி இருந்தது. இந்த மாத லட்சம் அம்புக்குறியிடம் போகவிருந்தது.

"போய்க் கேளுங்க. வெக்கமா இருந்தா சொல்லுங்க, நான் வந்து கேக்குறேன்" என்றாள் மனைவி.

சும்மா போய்க் கேட்டால் தருகிற ஆளா அவர்? மகளின் கால்குலேட்டரைக் கடன் வாங்கிக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்தேன். ஒன்பதாவது சீட்டு, ஆகவே ஒன்பது மாதம் என்று தட்டினேன். எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது. எழுதிவிட்டேன். அப்போது மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். அவளைப் பார்த்ததும் பிறந்த அன்றைக்கு ஒரு வயசா என்ற கேள்வி காதில் விழுந்தது. முதல் சீட்டு இன்றைக்கு. இன்றைக்கு சைபர். அப்படியென்றால் ஒன்பதாவது சீட்டு எட்டில் அல்லவா நிற்கிறது! அழித்துவிட்டு ஒரு கோடு போட்டேன். சைபரிலிருந்து எட்டு வரை ஒன்பது புள்ளி. ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொரு ரூபாய் அறுபத்தெட்டுச் சதம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு கணக்கு என் கையால் சரிவந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வகுப்புக்குக் கட்டியது போக மிஞ்சும் பத்தாயிரத்தில் இந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மழை. கந்தோருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் அம்புக்குறி தன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அது ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த இடத்துக்கு ஃபரீனா வரமாட்டாள் என்பதால் நானும் அங்கேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினேன்.

அவர் தாளை வாங்கி, விழுந்த வாகனத்தைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே வரை பார்த்தார். கோட்டைப் பார்த்தார். சைபரைப் பார்த்தார். அதில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு பேப்பர் எழுதலாம்.

"கோடு சரி. புள்ளி சரி. அடுக்கு சரி" என்றார். "ஒரே ஒரு பிழை இருக்குதுங்கண்ணே."

நான் தாளை எட்டிப் பார்த்தேன். "எங்க?"

"வட்டி வீதம் பிழை."

"மாசம் நூத்துக்கு ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க? மனேஜருக்கும் அதானே போட்டீங்க?"

"அவருக்கு ஆசை. அதுக்கு அந்த வீதம்." நான்கு பேனாக்களில் சிவப்பை எடுத்தார். நான் எழுதியிருந்த வீதத்தை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் ஒரு சைபர் போட்டார். "இப்ப போடுங்க. ஒண்ண எட்டு தடவை ஒண்ணால பெருக்கினா?"

"ஒண்ணு."

"லட்சத்துல லட்சத்த கழிச்சா?"

"சைபர்."

"அவ்வளவுதான் நீங்க எனக்கு தர வேண்டியது." தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் முந்திக்கொண்டார். "பரீட்சையில மட்டும் இப்படி சைபர் போட்டுறாதீங்க. மார்க் போயிரும்."

ஃபரீனாவிடம் மாதம் மாற்றியதைச் சொல்லப் போனோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எவ்வளவு கைமாறிச்சு? உண்மைய சொல்லணும்."

நான் தாளை எடுத்துக் காட்டினேன். சிவப்பு சைபரைக் கண்டதும் அவள் முகம் விரிந்தது. "அண்ணே! இப்பத்தான் உங்க கணக்கு ஹலாலா இருக்கு!"

"இது விதி இல்ல தங்கச்சி, விதிவிலக்கு" என்று அம்புக்குறி முறைத்தார். அன்றைக்கு அவருடைய பிளேன்டீக்கு ஃபரீனாதான் காசு கொடுத்தாள். எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்தார்கள்.

நான் வகுப்புக்குக் காசைக் கட்டிவிட்டு ஊர் எல்லாம் கேட்கப் பெருமூச்சு விட்டேன். இரண்டு கிழமை கழித்து, காலையில் பஸ் ஸ்டாண்டில் அம்புக்குறியைப் பார்த்தேன். தோளில் அளவு நாடா வைத்த பை, கக்கத்தில் குடை. வில்கமுவ பஸ்ஸுக்கு நிற்கிறார்.

"பைக் என்னாச்சு அம்பு?"

"பஸ்ல ரெண்டு கையும் சும்மா இருக்குதுங்கண்ணே. கோடு போட வசதி."

எனக்கு ஏதோ உறுத்தியது. போய் ஃபரீனாவிடம் கேட்டேன். யாருக்கு எந்த மாதம் எதற்குக் காசு தேவை என்பது சீட்டு நடத்துகிறவளுக்குத் தெரியாமல் இருக்காது. "தெரியாதா உங்களுக்கு? அந்தப் பைக் என்ஜின் முழுசா போயிருச்சு. முதல் சீட்டு விழுந்தப்ப, என்ஜின் செய்யத்தான்னு என்கிட்ட சந்தோசமா சொன்னாரு. கடன் வாங்கச் சொன்னா வாங்க மாட்டாரு. உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். ஆனால் அந்தக் கொட்டகையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என் கண் முன்னால் நின்றும் எனக்குத் தெரியவில்லை. என் தாளில் இருந்த சைபரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. காசைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, அது கண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எட்டு மாதம் அவர் பஸ்ஸில் போனார். வில்கமுவையில் கவிழ்ந்த டிராக்டரைப் பார்க்கக் காலையில் போனவர் பின்னேரம் இன்னொரு டிராக்டரில், நெல் மூட்டை மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். மூட்டைகளிலெல்லாம் அம்புக்குறி. நெல் வாங்கிய ஆலைக்காரர் அதை ஏதோ தர முத்திரை என்று நினைத்து அதே மூட்டைதான் வேண்டும் என்று கேட்டதாக ஒரு வதந்தி உண்டு. அதை நான் நம்பவில்லை, ஆனால் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பரீட்சை வந்தது. கோடு போட்டேன், முதலில் சைபர் வைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறந்த பிள்ளையை நினைத்துக்கொண்டேன். வீதத்தில் மட்டும் சைபர் போடவில்லை. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று மார்க். பாஸ். என் மேசை எனக்கே. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். செய்தியைச் சொல்ல ஓடிப் போனேன். அம்புக்குறி நெற்றியைச் சுருக்கினார். "அம்பத்தி மூணா? மிச்சம் நாப்பத்தேழு எங்கண்ணே போச்சு?"

ஒன்பதாவது மாதம் அவருக்குரிய லட்சம் வந்தது. அன்றைக்கு நான் ஓர் உறையோடு போனேன். எட்டு மாதம் காத்திருந்ததற்கு, மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம், எட்டாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து ரூபாய் அறுபத்தேழு சதம். சதம் கிடைக்காததால் ஒரு ரூபாய் கூட்டி வைத்திருந்தேன். கணக்குத் தாளும் உள்ளே இருந்தது. ஃபரீனா அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரில் இருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அம்புக்குறி பணத்தை வெளியே எடுத்து என் மேசையில் வைத்தார். தாளை மட்டும் விரித்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பெரிய சரி போட்டார். மடித்துத் தன் சட்டைப் பையில், நான்கு பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இது போதும்" என்று சொல்லிவிட்டு என்ஜின் செய்கிற கடையைப் பார்க்க நடந்தார்.

இப்போது அவர் தம்புள்ளைக் கிளையில் இருக்கிறார். சட்டப் பேப்பரை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். சிவப்பு சைபர் போட்ட தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று ஒருமுறையாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "எந்தத் திகதியில இருந்துங்கண்ணே?" என்று கேட்டு ஒரு கோடு போட ஆரம்பித்துவிடுவார்.